இறைக்கிற கிணறு எப்போதும் சுரக்குமா? நீண்டகால கோவிட்டும் பிசியோதெரபியும்

கோவிட் வந்து போய்ச் சில மாதங்கள் ஆகிவிட்டன. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, ரத்தப் பரிசோதனையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. ஒரு நாள் வீட்டைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினால் அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க முடிவதில்லை. இப்படி ஒருவர் இருக்கும்போது சுற்றியிருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "படுத்தே கிடந்தால் உடம்பு இப்படித்தான் ஆகும், எழுந்து நட" என்பது ஒரு கட்சி. "உடம்பை அலட்டிக்கொள்ளாதே, பேசாமல் படு" என்பது இன்னொன்று.

இரு கட்சியும் அக்கறையோடுதான் பேசுகின்றன. இரண்டு அறிவுரையும் யாரோ ஒருவருக்குச் சரியாகவும் இருக்கிறது. யாருக்கு எது என்று பார்க்காமல் சொல்வதுதான் ஆபத்து. நடக்கச் சொல்ல வேண்டியவரைப் படுக்கவைத்தால் தசை கரையும். படுக்க வேண்டியவரை நடக்கவைத்தால் நோயே முற்றிவிடக்கூடும். பிசியோதெரபியின் முதல் வேலை இந்த இருவரையும் பிரித்தறிவது. அந்தப் பிரித்தறிதல் எப்படி நடக்கிறது, ஏன் அது இவ்வளவு முக்கியம் என்பதை மருத்துவப் பின்னணி இல்லாதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

பெயர் எதைக் குறிக்கிறது?

எந்தத் தொற்றுக்குப் பிறகும் சில வாரங்கள் உடம்பு தளர்ந்திருக்கும், பிறகு தானாகத் தேறும். அதை நீண்டகால கோவிட் என்று சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் தந்த வரையறையின்படி, தொற்று தொடங்கி ஏறத்தாழ 3 மாதம் கழிந்த நிலையிலும் அறிகுறிகள் இருக்க வேண்டும். அவை குறைந்தது 2 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வேறொரு நோய்தான் காரணம் என்று சொல்ல முடியாததாகவும் இருக்க வேண்டும். கடும் சோர்வு, மூச்சு வாங்குதல், யோசனையில் மந்தம் ஆகிய மூன்றும் அதிகம் காணப்படுபவை. இவற்றோடு படபடப்பு, தலைசுற்றல், தசைவலி, தூக்கக் கோளாறு என்று பட்டியல் நீளும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து மீண்டவர்களுக்கும் இது வருகிறது. இரண்டு நாள் லேசான காய்ச்சலோடு வீட்டிலேயே தேறியவர்களுக்கும் வருகிறது. ‘லாங் கோவிட்’ என்ற பெயரை 2020-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களே நோயாளிகள்தான். தேறவில்லை என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் மருத்துவ உலகம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

இங்கே மனதில் வைக்க வேண்டியது, ஒரே பெயருக்குள் பல பாதிப்புகள் அடங்கியிருக்கின்றன என்பது. ஒருவருக்கு நுரையீரல், இன்னொருவருக்கு இதயத் துடிப்பு, மூன்றாமவருக்குத் தசை. பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைப்பதில்தான் பல குழப்பங்கள் தொடங்குகின்றன.

பிசியோதெரபிஸ்ட் என்னதான் செய்கிறார்?

பிசியோதெரபி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கரன்ட் வைப்பதும், தினமும் பத்துத் தடவை காலைத் தூக்கி இறக்கச் சொல்லும் தாளும். முழங்கால் அறுவைக்குப் பிறகு அப்படி ஒரு தாள் கிடைக்கலாம். ஆனால் உடற்பயிற்சி அந்தத் துறையின் கருவிகளில் ஒன்றுதான். உடல் எப்படி அசைகிறது, அசைவுக்கு என்ன விலை கொடுக்கிறது, அந்த விலையைக் குறைக்க வழி உண்டா என்று பார்ப்பதே இந்தத் துறை. எப்படி உட்கார்வது, எப்படி மூச்சு விடுவது, ஒரு வேலையை எத்தனை துண்டாக வெட்டுவது, எப்போது நிறுத்துவது, இவையெல்லாம் அதற்குள் வரும். நீண்டகால கோவிட்டில் பல நேரம் முதல் சில வாரங்களுக்கு உடற்பயிற்சி என்ற பேச்சே எழாமல் போகலாம். அதைப் பார்த்து, "ஒன்றுமே செய்யவில்லையே" என்று மனம் சலிக்க வேண்டாம். அங்கே நடப்பதும் சிகிச்சைதான்.

முதல் கிணறு: இறைத்தால் சுரப்பது

இறைக்கிற கிணறு சுரக்கும் என்பார்கள். புழங்காமல் கிடந்த கிணற்றில் தூர் சேர்ந்து ஊற்றுக்கண் அடைபட்டிருக்கும். தூர்வாரி, கொஞ்சம் கொஞ்சமாக இறைக்கத் தொடங்கினால் ஊற்றுக் கண் திறந்துகொள்ளும். உடம்பைப் பற்றி நம்மில் பலருக்கும் இருக்கிற நம்பிக்கை இதுதான். அது பொய்யும் இல்லை.

படுக்கை உடம்பை எவ்வளவு சீக்கிரம் வீழ்த்தும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், 20 வயதுள்ள ஆரோக்கியமான 5 இளைஞர்களை 3 வாரம் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். அவர்கள் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால்வாசிக்கும் மேல் குறைந்துபோனது. 30 ஆண்டு கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தபோது, அந்த 3 வாரப் படுக்கை செய்த சேதம் 30 வருட வயது செய்ததைவிட அதிகம் என்று தெரிந்தது. நோயே இல்லாத உடம்புக்கே இந்த நிலை.

இப்படிப் பயன்படுத்தாததால் தசை, இதயம், நுரையீரல் மூன்றும் தம் திறனை இழப்பதைப் ‘பழக்கமிழப்பு’ என்று இந்தக் கட்டுரையில் அழைக்கிறேன். கோவிட் முற்றி வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவர்களிடம் இது கட்டாயம் இருக்கும். செயற்கைச் சுவாசக் கருவியோடு மயக்க மருந்தில் கிடந்தவர்கள் சிலருக்கு எழுந்து உட்காரவே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். பழக்கமிழப்புக்கு மருந்து பழக்கம்தான்: இன்று ஐந்து அடி, நாளை ஆறு அடி.

இதற்குச் சான்றும் உண்டு. கோவிட்டுக்காக மருத்துவமனையில் சேர்ந்து, வீடு திரும்பி 3 மாதமாவது ஆகியும் தேறாத 585 பேரை வைத்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு 8 வாரம், நிபுணர் மேற்பார்வையில், இணையம் வழியே குழுவாக உடற்பயிற்சியும் மன ஆதரவும் தந்தார்கள். அவர்களுடைய வாழ்க்கைத் தரம் மற்றவர்களைவிட மேம்பட்டது. ஒரு வருடம் கழித்தும் அந்த வித்தியாசம் தெரிந்தது. முடிவுகள் 2024-இல் வெளியாயின. முன்னேற்றம் பிரமாதமானது என்று சொல்ல மாட்டேன், ஆனால் உண்மையானது.

இந்த ஆய்வைக் காட்டி, "பார், உடற்பயிற்சிதான் மருந்து" என்று எல்லோருக்கும் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த 585 பேரும் மருத்துவமனையில் கிடந்து வந்தவர்கள்.

இரண்டாவது கிணறு: இறைத்தால் கலங்குவது

இப்போது இன்னொரு கிணற்றைப் பாருங்கள். ஊற்றே நலிந்துவிட்டது. ஒரு நாளைக்கு நாலு குடம்தான் ஊறும். நாலு குடத்தோடு நிறுத்திக்கொண்டால் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். ஏழாவது குடத்துக்கு வாளியை இறக்கினால் அடியில் இருக்கும் சேறு கலங்கும். கலங்கிய பிறகு அடுத்த நாள் நாலு குடம்கூடக் கிடைக்காது. தெளியும்வரை காத்திருக்க வேண்டும். "இறைக்கிற கிணறு சுரக்கும்" என்று சொல்லிக்கொண்டு இதை இறைப்பவர், நாளுக்கு நாள் சேற்றைத்தான் அள்ளுவார்.

நீண்டகால கோவிட் உள்ளவர்களில் கணிசமானவர்களின் உடம்பு இந்த இரண்டாவது கிணறு. சக்திக்கு மீறி ஒன்றைச் செய்தபின் அறிகுறிகள் மொத்தமாக மோசமாவதை ‘உழைப்புக்குப் பிந்தைய சரிவு’ என்போம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண அலுப்பிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் முதல் குணம் அதன் தாமதம். ஓடினால் ஓடும்போதே களைக்கும். அது எல்லோருக்கும் நடப்பது. சரிவோ பெரும்பாலும் அன்றைக்கு வராது. 12 மணி நேரம் கழித்து, அல்லது மறுநாள், சிலருக்கு மூன்றாவது நாள் வந்து தாக்கும். செவ்வாய்க்கிழமை உற்சாகமாக இருந்தது, நடந்தோம், நன்றாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை காலையில் கண் திறக்க முடியவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்றே முதலில் யாருக்கும் தோன்றாது. "நேற்றுகூட நன்றாகத்தானே இருந்தாய்" என்ற கேள்வி நோயாளியின் நெஞ்சைத் தைப்பதும் இதனால்தான்.

செலவுக்கும் விளைவுக்கும் பொருத்தமே இருக்காது என்பது அடுத்தது. குளித்து உடை மாற்றியதற்கு ஒரு வாரப் படுக்கை என்பது மிகைப்பேச்சு இல்லை. ஒரு இரவு தூங்கி எழுந்தால் சாதாரண அலுப்பு போய்விடும்; சரிவு நாட்கள், சில நேரம் வாரங்கள் நீடிக்கும். அதோடு அது தசையோடு நிற்பதுமில்லை. தொண்டை கரகரப்பு, தலைவலி, வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, யோசனை உறைந்துபோதல் என்று மீண்டும் காய்ச்சல் வருவதைப் போல உடம்பு முழுவதும் கிளம்பும்.

இன்னொரு செய்தியையும் பலர் தவறவிடுகிறார்கள். சரிவுக்கு உடல் உழைப்புதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மணி நேரக் கணக்கு வேலை, ஒரு வாக்குவாதம், சத்தமான இடத்தில் கொஞ்ச நேரம், இவையும் அதே கிணற்றிலிருந்துதான் நீர் எடுக்கின்றன. உட்கார்ந்தே இருந்தேன், ஆனாலும் விழுந்துவிட்டேன் என்று சொல்பவர்களை நம்புங்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பழக்கமிழப்பு உள்ளவருக்கு அளவான உழைப்பு சக்தியைக் கூட்டும். உழைப்புக்குப் பிந்தைய சரிவு உள்ளவருக்கு வரம்பை மீறிய உழைப்பு சக்தியைக் குறைக்கும். ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அப்போது சரிவைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நம் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகள் உள்ளன. சாப்பாட்டிலிருந்து வரும் சத்தையும் மூச்சிலிருந்து வரும் ஆக்சிஜனையும் சேர்த்து, தசை செலவழிக்கக்கூடிய சக்தியாக அவை மாற்றித் தருகின்றன. நிதானமான வேலைக்கு இந்த வழியே போதும். தேவை திடீரென்று கூடினால், அல்லது மைட்டோகாண்ட்ரியா ஈடுகொடுக்க முடியாவிட்டால், ஆக்சிஜன் இல்லாமலே சக்தி எடுக்கும் அவசர வழிக்குத் தசை மாறும். அது வேகமானது, ஆனால் வீண்செலவு அதிகம். நீண்ட நேரம் தாங்காது. ஆரோக்கியமான ஒருவர் பேருந்தைப் பிடிக்க ஓடும்போதுதான் இந்த வழிக்குள் கணிசமாக நுழைவார். நீண்டகால கோவிட் உள்ள சிலர் மாடிப்படியிலேயே நுழைந்துவிடுகிறார்கள்.

இதை நேரில் பார்த்த ஆய்வு ஒன்று 2024 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வெளிவந்தது. உழைப்புக்குப் பிந்தைய சரிவு உள்ள 25 நீண்டகால கோவிட் நோயாளிகளையும் கோவிட்டிலிருந்து முழுதும் தேறிய 21 பேரையும் நிற்கும் சைக்கிளில் முடிந்த மட்டும் மிதிக்கச் சொன்னார்கள். மிதிப்பதற்கு முன்பும் மிதித்த மறுநாளும் தொடைத் தசையிலிருந்து ஊசியளவு சதை எடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் மைட்டோகாண்ட்ரியா முன்னதாகவே மந்தமாக இருந்தன. மறுநாள் இன்னும் மந்தமாயின. தசை நார்களில் சேதத்தின் அடையாளங்களும் கூடியிருந்தன.

கலந்துகொண்டவர்கள் குறைவு. இது ஏன் இப்படி ஆகிறது என்ற முழுக் கதையும் இதில் இல்லை. ஆனாலும் இந்த ஆய்வை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. எல்லாப் பரிசோதனையும் இயல்பு, ஆகவே எல்லாம் மனதில்தான் என்று ஆயிரம் பேர் காதில் விழுந்த வாக்கியத்துக்கு இது ஒரு பதில். வழக்கமான ரத்தப் பரிசோதனை இந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை.

தொடங்கும் முன் நான்கு கேள்விகள்

உலக அளவில் பிசியோதெரபிஸ்டுகளின் அமைப்பான வேர்ல்டு பிசியோதெரபி 2021 ஜூனில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சி எதையும் பரிந்துரைக்கும் முன் நான்கு விஷயங்களைச் சோதித்துவிட வேண்டும் என்று அது சொல்கிறது.

முதலாவது, உழைப்புக்குப் பிந்தைய சரிவு உண்டா என்பது. இதற்கு இயந்திரம் வேண்டாம், பொறுமையான கேள்விகள் போதும். செய்த அன்றைக்கு எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டால் விடை தவறாகிவிடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, இதயம். கோவிட்டுக்குப் பிறகு சிலருக்கு இதயத் தசையில் அழற்சி இருக்கலாம். அந்த நிலையில் கடினமான பயிற்சி உயிருக்கே ஆபத்து. நெஞ்சுவலி, மயங்கி விழுதல், காரணமில்லாத படபடப்பு இருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

மூன்றாவது, அசையும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறதா என்பது. உட்கார்ந்திருக்கும்போது விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 97 என்று காட்டலாம். எழுந்து நடந்தால்தான் வண்டவாளம் தெரியும். ஒரு நிமிடம் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொல்லி அளப்பது ஒரு வழி. அளவு 3 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். சரிவு உள்ளவர்களுக்கு இந்த ஒரு நிமிடச் சோதனையே அதிகமாகிவிடலாம் என்பதால் நிபுணர் முன்னிலையில் செய்வதே நல்லது.

நான்காவது கேள்விக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. நாம் நினைக்காமலே இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், செரிமானம் போன்றவற்றை நடத்தும் நரம்புகளுக்குத் தன்னியக்க நரம்பு மண்டலம் என்று பெயர். நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கும். உடனே இந்த நரம்புகள் ரத்தக் குழாய்களை இறுக்கி, ரத்தத்தை மேலே அனுப்பும். தொற்றுக்குப் பின் இந்த ஏற்பாடு தடுமாறினால், இறுக்கம் போதாமல் இதயம் மட்டும் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமலே, நின்ற 10 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு 30-க்கு மேல் கூடினால் (12 முதல் 19 வயதுள்ளவர்களுக்கு 40) மருத்துவர்கள் இந்தக் கோளாறைச் சந்தேகிப்பார்கள். படபடப்பும் கைநடுக்கமும் வருவதால் இதைப் பதற்ற நோய் என்று தவறாக எடுத்துக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. படுத்தால் அடங்குகிறது, நின்றால் வருகிறது என்றால் அதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

அளந்து செலவிடுதல்

சரிவு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் சிகிச்சையின் மையம் இதுதான். அன்றன்று ஊறும் நீருக்குள் அன்றன்று செலவை அடக்குவது. ஆங்கிலத்தில் ‘பேஸிங்’ என்பதை ‘அளந்து செலவிடுதல்’ என்று சொல்லலாம்.

கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தவர்கள் இதைவிடக் கடினமானது இல்லை என்பார்கள். காரணம் நல்ல நாள். பத்து நாள் படுத்துக் கிடந்தபின் ஒரு காலையில் தலை தெளிவாக இருக்கும். தேங்கிய வேலையெல்லாம் கண்முன் நிற்கும். இன்றைக்கே முடித்துவிடலாம் என்று கை பரபரக்கும். முடித்தும் விடுவோம். மூன்றாவது நாள் மறுபடி படுக்கை. இப்படி ஏறுவதும் விழுவதுமாகவே மாதங்கள் ஓடும். கெட்ட நாளில் ஓய்வெடுக்க யாரும் கற்றுத்தர வேண்டாம், உடம்பே கிடத்திவிடும். நல்ல நாளில் பாதியில் நிறுத்துவதைத்தான் கற்க வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் பெரும்பாலும் ஒரு குறிப்பேட்டோடு தொடங்குவார். இரண்டு வாரம், எப்போது என்ன செய்தீர்கள், எப்போது என்ன ஆயிற்று என்று சுருக்கமாக எழுதி வருவது. எழுதிப் பார்க்கும்போதுதான் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் உள்ள முடிச்சு கண்ணுக்குத் தெரியும். அதிலிருந்து, மோசமான நாளிலும் சரிவில்லாமல் செய்ய முடிகிற அளவு எது என்று கண்டுபிடிப்பார்கள். அதுவே அடிக்கோடு. அது வெட்கப்படும்படி சிறியதாக இருக்கலாம். ஐந்து நிமிடம் உட்காருவது என்றால் ஐந்து நிமிடம்தான்.

பிறகு வேலைகளை வெட்டுவது. குளியல், உடை, தலைவாருதல் மூன்றும் ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. நடுவே படுத்து எழலாம். நின்று செய்வதை உட்கார்ந்து செய்யலாம். ஓய்வு களைப்புக்குப் பின் வரும் தண்டனையாக இல்லாமல், களைக்கும் முன்பே கடிகாரம் பார்த்து எடுப்பதாக இருக்க வேண்டும். அந்த ஓய்வில் கையில் போன் இருந்தால் அது ஓய்வில் சேராது. மூளையும் அதே கிணற்றில்தான் குடிக்கிறது.

நாடித்துடிப்பு இங்கே நல்ல காவலாளி. ஓய்வில் உங்கள் துடிப்பு எவ்வளவோ அதோடு 15 கூட்டி, அந்த எண்ணைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பலர் கைக்கொள்ளும் தொடக்க வரம்பு. ஓய்வில் 72 என்றால் வரம்பு 87. கைக்கடிகார மானி எண் ஏறுவதைக் காட்டியதும் உட்கார்ந்துவிட வேண்டும். தசை அவசர வழிக்குப் போகும் முன்பே நிறுத்துவதுதான் நோக்கம். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு வேறு அளவுகோல் வேண்டும்.

மூச்சும் நிற்பதும்

நோய்க் காலத்தில் மூச்சுத் திணறியவர்களில் பலர், நுரையீரல் தேறிய பிறகும் மேல்நெஞ்சாலேயே வேகமாக மூச்சு விடும் பழக்கத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசைத் தட்டுதான் மூச்சின் முக்கிய வேலைக்காரன். அது ஒதுங்கிக்கொள்ள, கழுத்துத் தசைகள் அந்தச் சுமையை ஏற்றுக் களைத்துப்போகின்றன. தேவைக்கு மேல் மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, கிறுகிறுப்பும் விரல் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்வும் வரும். மூச்சு போதவில்லை என்று தோன்றும், இன்னும் வேகமாக இழுப்போம், இன்னும் கிறுகிறுக்கும்.

இதைச் சரிசெய்வது நிதானமான வேலை. படுத்து, ஒரு கையை வயிற்றில் வைத்து, மூக்கால் மெதுவாக இழுத்து, வயிறு மேலெழுவதைக் கவனித்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுவது. நிறைய இழுக்க வேண்டும் என்ற எண்ணம் வேண்டாம். அமைதியாக, குறைவாகவே போதும். சக்திச் செலவு மிகக் குறைந்த பயிற்சி என்பதால் சரிவு உள்ளவர்களும் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறார்கள்.

நின்றால் படபடப்பவர்களுக்கு நீர் நிறையக் குடிப்பது, கால்களையும் வயிற்றையும் அழுத்திப் பிடிக்கும் உறைகள், எழும் முன் கெண்டைக்கால் தசைகளை இறுக்கித் தளர்த்துவது ஆகியவை உதவும். உப்பைக் கூட்டச் சொல்வதும் உண்டு, ஆனால் ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு அது கெடுதல். மருத்துவர் சொல்லாமல் செய்யாதீர்கள். சரிவு இல்லாதவர் என்றால் படுத்த நிலையிலோ சாய்ந்த நிலையிலோ பயிற்சியைத் தொடங்கி, பல மாதங்களில் நிற்கும் நிலைக்கு வரலாம்.

அப்படியானால் உடற்பயிற்சி எப்போது?

நான்கு கேள்விகளுக்கும் நல்ல விடை கிடைத்தவர், அதாவது வெறும் பழக்கமிழப்பு மட்டும் உள்ளவர், மேற்பார்வையோடு உடனேயே தொடங்கலாம். அவர் பயந்து படுத்தே இருப்பதுதான் அவருக்குக் கேடு.

சரிவு உள்ளவர், பல வாரங்கள் சரிவே இல்லாமல் அடிக்கோட்டில் நிலைத்த பிறகு, மிகச் சிறிதாக ஒன்றைச் சேர்த்துப் பார்க்கலாம். படுத்தபடி கணுக்காலை அசைப்பது, ஒரு காலை மடக்கி நீட்டுவது என்ற அளவில். சேர்த்தபின் மூன்று நாள் காத்திருந்து பார்க்க வேண்டும். மூன்று நாளும் மாற்றமில்லை என்றால் தொடரலாம். மோசமானால் பின்வாங்க வேண்டும். பின்வாங்குவது தோல்வி ஆகாது. அதுவும் ஒரு அளவீடுதான்.

அட்டவணை போட்டு, வாரத்துக்கு இவ்வளவு கூட்டியே தீருவது என்ற முறையை மட்டும் இவர்கள் தவிர்க்க வேண்டும். நீண்டகால கோவிட்டுக்கு மிக நெருங்கிய உறவுக்கார நோயான நாட்பட்ட சோர்வு நோய்க்குப் பல ஆண்டுகள் அந்த முறைதான் பரிந்துரைக்கப்பட்டது. மோசமானோம் என்று நோயாளிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ், 2021 அக்டோபரில் அதைப் பரிந்துரையிலிருந்து நீக்கியது. "வலியைத் தாண்டிப் போ" என்று யாராவது ஊக்கப்படுத்தினால், அவர் முதல் கிணற்றை மட்டுமே பார்த்தவர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

சுருக்கமாக: பழக்கமிழப்பு மட்டும் இருந்தால் ஏறலாம். சரிவு இருந்தால் முதலில் நிலைக்க வேண்டும், பிறகுதான் ஏற்றம், அதுவும் உடம்பு அனுமதிக்கும்போது மட்டும். சிலருக்கு நிலைத்திருப்பதே நெடுநாள் இலக்காக இருக்கும். அதிலும் வலியும் படுக்கை நாட்களும் குறைகின்றன.

காத்திருக்கக் கூடாதவை

எல்லாவற்றையும் நீண்டகால கோவிட் கணக்கில் எழுதிவிடக் கூடாது. நெஞ்சை அழுத்தும் வலி, சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறல், மயங்கி விழுதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், ஒரு பக்கக் கைகால் திடீரென்று வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல், இருமலில் ரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். குறிப்பேடும் அடிக்கோடும் அப்புறம்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது

பிசியோதெரபிஸ்டுகள் எல்லோருக்கும் இந்த நோயில் பழக்கம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பழக்கம் இல்லாதவரிடம் போனாலும், முதல் நாளே சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: "நான் எதையாவது அதிகம் செய்தால் அன்றைக்குத் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்து விழுந்துவிடுகிறேன்." அதைக் கேட்டதும் நிறுத்தி விசாரிப்பவர் உங்களுக்கு ஏற்றவர். கேட்டும் சைக்கிளில் ஏற்றுபவரிடம் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இரண்டு வாரக் குறிப்பேடு, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், படுத்திருக்கும்போதும் நின்றபிறகும் எடுத்த நாடித்துடிப்பு எண்கள், இவை கையில் இருக்கட்டும். போய் வருவதும் பேசுவதும்கூடச் செலவுதான் என்பதால் முந்தைய நாளையும் அடுத்த இரண்டு நாட்களையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி, கூட வருபவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். உட்கார முடியவில்லை என்றால் படுத்துக்கொண்டே பேசலாமா என்று கேளுங்கள்.